விஜியின் முகத்துக்கு நான் வாங்கிய களிம்பு

ராஜபாளையம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் விமலுக்கு அப்பா பொன்னுராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் எட்மண்டன் பனியில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே இரண்டு நாளாக நல்ல மழை, பேண்டேஜ் கம்பெனியில் கரண்ட் இல்லாமல் தறி பாதி நேரம் நிற்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஊசி போடப் போகலாம் என்றால் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்கிறாள். இதெல்லாம் போனில் பேசியதுதான். போனில் பேசாதது ஒன்று இருக்கிறது விமல். உன் தங்கச்சிக்கு லேசான காய்ச்சல், மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தோம் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். விஜி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்குக் காரணம் நான்தான்.

அவளுக்குக் கைக்குழந்தையிலிருந்தே முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் அரிப்பு உண்டு என்பது உனக்குத் தெரியும், தூக்கத்தில் சொறிந்துவிடாமல் இருக்க நீதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு படுப்பாய். பெரியவளான பிறகு அவளாகவே பக்குவம் தெரிந்து, முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்தி வந்தாள். சித்திரையில் சுந்தரபாண்டியம் பால்சாமி அவர் மகனுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். பையன் கோயம்புத்தூரில் வேலை, நல்ல குடும்பம். போட்டோ எடுக்க வேண்டிய நேரத்தில் பார்த்து அவளுக்கு முகத்திலும் தடித்துவிட்டது. நான் டாக்டரிடம் போகவில்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் சொன்னேன். அவன் ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்து, "நாலே நாள்ல பளிச்சுன்னு ஆயிரும்ணே" என்றான். வீட்டில் விஜி "டாக்டர் சீட்டு எங்கப்பா" என்று கேட்டாள். பஸ்ஸில் விழுந்துவிட்டது என்றேன். என் பிள்ளை அதை நம்பிவிட்டாள்.

அவன் சொன்னபடியேதான் ஆயிற்று. முகம் அப்படி மினுங்கியது, பெண் பார்க்க வந்தவர்கள் கண் எடுக்கவில்லை, எனக்கும் பெருமை தாங்கவில்லை. நிச்சயத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்தோம். அதற்குப் பிறகு ஏழு மாதம், தீரத் தீர நானே வாங்கி வந்து அலமாரியில் வைத்தேன். கார்த்திகையில் அந்த மெடிக்கலில் சரக்கு வரவில்லை என்றான். பூசுவது நின்ற ஐந்தாம் நாள் அவள் முகம் தீப்பட்ட மாதிரி சிவந்து, நீர் வடிந்து, கண் திறக்க முடியாமல் வீங்கிவிட்டது. தண்ணீர் பட்டால்கூடக் கத்தினாள். சொறிந்த இடமெல்லாம் சீழ் கட்டிக் காய்ச்சல் ஏறவும் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடினோம்.

அங்கே தோல் டாக்டர் ஒரு அம்மா, என்ன பூசினீர்கள் என்று கேட்டார்கள். காலி ட்யூபை எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் அதைப் படித்துவிட்டு, இது மூன்று மருந்து கலந்தது, முகத்தில் மாதக்கணக்கில் போடவே கூடாது, எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தது என்றார்கள். விஜி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார்கள். இவளுக்கு மேல்தோல் பிறவியிலேயே பலமில்லாதது, உள்ளே இருக்கிற ஈரத்தைப் பிடித்து வைக்காது, வெளியே இருக்கிற தூசியையும் சோப்பையும் தடுக்காது, அதனால்தான் அரிப்பு, சொறியச் சொறிய இன்னும் கிழியும், இருந்த கொஞ்சத் தோலையும் இந்த ட்யூப் மெலிதாக்கிவிட்டது என்றார்கள். இந்த அரிப்பு அழுக்கால் வருவதில்லையாம், அடுத்தவர்களுக்கு ஒட்டவும் ஒட்டாதாம். நாமோ சின்னப் பிள்ளையில் அவளைப் பயத்தமாவு போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தோமே. அதை நினைத்து உன் அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

இப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டென்று குளித்து, ஈரம் காயுமுன்னே உடம்பெல்லாம் கெட்டியான களிம்பு பூச வேண்டும், மருந்துக் களிம்பு இன்ன இடத்துக்கு இத்தனை நாள் என்று அந்த அம்மா எழுதித் தந்தபடி மட்டும். புண் ஆறிய பிறகு கைகாலுக்கு ஈரத்துணி சுற்றச் சொன்னார்கள், துணி நான்தான் கம்பெனியிலிருந்து கொண்டுவருகிறேன், அம்மா சுற்றிவிடுகிறாள். விஜி என்னை அறைக்குள் வர விடுவதில்லை.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் விஜியே பால்சாமிக்குப் போன் போட்டாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டியும் கேட்கவில்லை. "மாமா, நீங்க பாத்துட்டுப் போன மொகம் மருந்து போட்ட மொகம். எனக்குத் தோலு பொறந்ததுலருந்தே இப்படித்தான். ஒட்டாது, ஆனா முழுசாப் போகவும் செய்யாது. நிச்சயத்துக்கு முன்னாடி ஒருக்கா வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையனின் அம்மா அவள் கையைத் தொடாமலே பார்த்துவிட்டு, "பிள்ளைகளுக்கும் வருமாம்மா" என்று கேட்டார்கள். "வரலாம், வராமலும் போகலாம் அத்தை" என்றாள். காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது. மறுநாள் பால்சாமி என்னைக் கூப்பிட்டு, "உங்க மக நல்ல பிள்ளை, நீங்க ஏன் எங்ககிட்ட மறைச்சீங்க" என்று மட்டும் கேட்டார். சம்பந்தம் அதோடு முறிந்தது. அந்தத் திங்கட்கிழமையே விஜி சிவந்த முகத்தோடு, துப்பட்டாகூடச் சுற்றாமல் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

பதினெட்டு நாள் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். நேற்றுச் சாயங்காலம் நான் துணிக்கட்டோடு வாசலில் நிற்கும்போது, "அண்ணனுக்கு எல்லாத்தையும் நீங்களே எழுதுங்கப்பா. நான் சொன்னா உங்களுக்குப் பரிஞ்சுதான் சொல்லுவேன்" என்றாள். அதனால்தான் ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறேன். நீ என்னைத் திட்டுவதானாலும் திட்டு, அவளிடம் மட்டும் கல்யாணப் பேச்சை எடுக்காதே, உடம்பு எப்படி என்று கேள், போதும். உனக்கும் பனிக்காலத்தில் விரல் மடிப்பெல்லாம் வெடிக்கும், காந்தல் எடுத்தால் டாக்டரிடம் போ, கடைக்காரன் பேச்சைக் கேட்காதே. ஆண்டவர் உன்னைக் காத்து, கூடவே இருப்பாராக. இந்தக் கடிதத்தை மூடுவதற்கு முன் விஜியிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மி. பொன்னுராஜ்

அப்பா எழுதுனது அம்புட்டும் உண்மை. விடுமுறைக்கு எப்பம் வாரே அண்ணே? — விஜி