உன் தோட்டை மடியில் வைத்துக்கொண்டு பறந்தேன், அக்கா

என்னை இடுப்பில் சுமந்தே தன் இடுப்பு சாய்ந்துபோன என் அக்காவுக்கு,

அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த நல்லது கெட்டதுக்குப் போய் வந்தாலும் நீ முதலில் கேட்பது அதைத்தான். வேனில் முன் சீட்டில் உன் மூத்தார். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் சண்முகம், மடியில் கோயில் தேங்காய். அவர் பக்கத்தில் நான். கடைசி சீட்டில் என் மகன் ரமேஷ், பல்லேகல வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவன். அவனோடு மருமகள் கவிதா. வேனை ஓட்டியது பெரேரா மாத்தயா வீட்டு நிமல். நீ இல்லை. ஆனால் உன் தோடு இருந்தது.

தோடு என்றால் தோடாக இல்லை. உன் பிள்ளை பிரபா கனடாவிலிருந்து போனில் சொன்னான், "சின்னம்மா, தாலிக்கு வேற பவுன் வேணாம், அம்மாட தோட்ட உருக்கிச் செய்யுங்க" என்று. கண்டியிலேயே ஆசாரியைப் பிடித்து, நானே பக்கத்தில் உட்கார்ந்து, உருக்கும்போது கண் எடுக்காமல் பார்த்தேன். குங்குமச் சிமிழில் வைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் கனடாவில் முகூர்த்தம். விசா கையில் கிடைத்ததோ அந்த வாரம்தான். புதன்கிழமை விமானத்தை விட்டால் வேறு வழி இல்லை. நான் போய்ச் சேராவிட்டால் பிரபா யாரோ கடையில் வாங்கின தாலியைக் கட்ட வேண்டும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிரபா புறப்பட்டுப் போன நாள் உனக்கு நினைவிருக்குமா? எனக்கு இருக்கிறது, நீ அன்று கட்டியிருந்த பச்சைச் சேலையின் கரை உட்பட. சீனி வருத்தத்தில் புண் ஆறாமல் உன் கால் போய், வீல்செயாரில் இருந்தாய். பிள்ளையை வழியனுப்ப விடியற்காலையிலேயே தலை சீவி, வாசலுக்கு வந்துவிட்டாய். உன் மூத்தார் வந்து பார்த்தார். "புறப்படுற நேரத்துல இது எதுக்கு எதிர்ல? பின்னால தள்ளிட்டுப் போங்க" என்றார். உன்னை 'இது' என்றார். உன் வீட்டுக்காரர் போன பிறகு, அண்ணன்காரர் என்று அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். உன்னைப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிரபா அவசரத்தில், அம்மா தூங்குகிறாள் என்று யாரோ சொன்னதை நம்பிப் போய்விட்டான். பிறகு அவன் உன்னைப் பார்க்கவே இல்லை. நீ அந்த அறையில் என்ன நினைத்துக்கொண்டு இருந்தாய், அக்கா? நான் கேட்கவும் இல்லை, நீ சொல்லவும் இல்லை.

சரி, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வருகிறேன்.

ரமேஷ் டிக்கெட் போடும்போதே எனக்கு வீல்செயார் கேட்டிருந்தான். எனக்கு நடக்க முடியாது என்பதற்காக இல்லை. வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானம் மாறவேண்டும். இங்கிலீஷ் தெரியாத அம்மா அப்பாமாரை எல்லாரும் இப்படித்தான் அனுப்புகிறார்களாம். வீல்செயார் கேட்டால் கூட ஒரு ஆள் வருவார், கையில் பிடித்து ஒப்படைத்த மாதிரி அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார். வாசலுக்கே ஒரு பையன் வண்டியோடு வந்து என் பெயரைச் சொன்னான். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போனேன்.

உன் மூத்தார் குறுக்கே வந்தார். "என்ன காரியம் இது? தாலி கொண்டுபோற பொம்பள நோயாளி வண்டியில ஏறுறதா?"

"பெரியப்பா, அங்க மாறி ஏற ரெண்டே மணித்தியாலந்தான் இருக்கு" என்றான் ரமேஷ்.

"ரெண்டு மணித்தியாலம் கொஞ்சமாடா? கண்டியில இருந்து நாவலப்பிட்டிக்கே போயிரலாம். உங்கம்மா பன்வில மலையில கொழுந்து எடுத்த ஆளு. நடக்கும்." பிறகு அந்தப் பையனிடம் சிங்களத்தில் வேண்டாம் என்று சொல்லி, தோளில் தட்டி அனுப்பியும் விட்டார். பையன் கையிலிருந்த தாளில் என் பெயரை வெட்டினான்.

ரமேஷ் என் முகத்தைப் பார்த்தான். தாலியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் சண்டை பிடிக்கக் கூடாது என்று நான் வாயை இறுக்கிக்கொண்டேன். நடந்தே உள்ளே போனேன்.

அன்று பார்த்து மழை. நீர்கொழும்புப் பக்கமெல்லாம் இடி. எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகும் விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. பக்கத்து சீட்டில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு மனிதர், என் வயது இருக்கும்.

"நீங்க கண்டியாம்மா?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"கையில ஈக்கிற பை எங்கட கண்டி மார்க்கட் பை. நான் அக்குறணை. பேரு நாசர். லண்டன்ல மகள்ட ஊட்டுக்குப் போறேன்."

அக்குறணை என்றதும் என் முகம் மாறியிருக்கும். மனதில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாதே. "உங்க ஊர்ல வாங்குன குக்கர் ரெண்டாவது மாசமே விசில் அடிக்கல. கொண்டுபோய்க் குடுத்தா, அம்மாட அடுப்புதான் சரியில்லன்னு அந்தக் கடக்காரர் சொன்னாரு."

"எப்ப நடந்த?"

"எங்க ரமேஷ் ஓ.எல். சோதனை எழுதின வருஷம்."

"மகனுக்கு இப்ப என்ன வயசு?"

"தல நரைச்சிருச்சு."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப அந்தக் கடக்காரர் மவுத்தாகி ஈப்பாரும்மா. அவருக்காக நான் மன்னிப்புக் கேக்குறேன், உட்டுருங்க."

விட்டுவிட்டேன், அக்கா. எனக்கே ஆச்சரியம். பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

தாலி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். விமானம் ஒருவழியாகப் பறந்து, இறங்கப்போகும் நேரத்தில், தலைக்கு மேலே இருக்கும் மணியை அழுத்தினார். "இறங்க முந்தி இவங்ககிட்ட சொல்லணும்மா. சொன்னாத்தான் முன்னுக்கு எடுப்பாங்க. வெக்கப்பட்டுக்கிட்டு ஈந்தா பிளேன் போயிரும்." வந்த பெண்ணிடம் இங்கிலீஷில் பேசினார். அவள் எங்கள் இருவரையும் கதவுக்குப் பக்கத்து சீட்டுக்கு மாற்றினாள்.

கதவு திறந்தது. வெளியே வரிசையாக வீல்செயார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், கையில் ஒரு பெயர். என் பெயர் இல்லை. வெட்டினது வெட்டினதுதான்.

நடந்தோம். அந்த இடத்தின் அகலத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? போகம்பரைக் குளத்தைச் சுற்றி வந்தால்கூட ஒரு முடிவு தெரியும். இது போய்க்கொண்டே இருந்தது. தரையே நகர்கிறது, உள்ளுக்குள்ளேயே ரயில் ஓடுகிறது. என் முழங்கால் கடுகண்ணாவை ஏற்றத்தில் பழைய பஸ் மாதிரி முனகியது. பிறகு பைகளைச் சோதிக்கும் இடம். அங்கே பெரிய வரிசை. நாசர் நானா ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு, எங்களுக்கு நேரம் இல்லை என்று கையால் காட்டிக் கேட்டுக்கொண்டே போனார். ஒருவர்கூட மறுக்கவில்லை. கேட்டால் விடுகிறார்கள், அக்கா. கேட்கத்தான் நமக்கு வாய் வராது.

அங்கேதான் நான் நின்றுவிட்டேன். பையை ஒரு தட்டில் போடச் சொன்னார்கள். எனக்கு முன்னால் போனவர் காலிலிருந்து கழற்றிய சப்பாத்தை வைத்த தட்டு அது. சப்பாத்து இருந்த தட்டில் தாலியை எப்படி வைப்பது? வேறு தட்டுக் கேட்டேன். அடுத்ததிலும் சப்பாத்து மண். சோதிக்கிறவன் சத்தம் போட்டான். பின்னால் வரிசை முறைத்தது. நான் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். நாசர் நானா சட்டைப்பையிலிருந்து தேய்த்து மடித்த வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்து, தட்டில் விரித்தார். "மகள் கழுவித் தந்த. இன்னும் பாவிக்கல. வைங்கம்மா." வைத்தேன்.

கனடா விமானத்தின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவை மூடிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது. கை நீட்டினால் தொடலாம் போல. ஆனால் மூடினால் மூடினதுதானாம். அது மெல்லப் பின்னால் நகர்ந்ததைப் பார்த்தேன். அன்று உன்னைப் பின்னறைக்குத் தள்ளியபோது உனக்கும் இப்படித்தான் இருந்ததா?

"அழுறதுக்கு நேரமில்லம்மா" என்றார் நாசர் நானா. "ஒரே டிக்கட்டுல வந்ததால ஒங்கள அனுப்பி வைக்கிறது இவங்கட பொறுப்பு. கவுண்டர உட்டு நகராதீங்க. நாளைக்கி வாங்கன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. வேற ஊரால போக ஏலுமான்னு கேளுங்க." என்னை ஒரு கவுண்டரில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தன் லண்டன் விமானத்துக்கு ஓடினார். அந்த வயதில் ஓடினார். கைலேஞ்சி என்னிடமே இருக்கிறது.

கவுண்டரில் இருந்த பெண் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் பாலக்காடு. தமிழ் கொஞ்சம் அறியும்" என்றாள். நடந்ததையெல்லாம் கொட்டினேன். நாளைய விமானம் நிறைந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமைதான் இடமாம்.

"வெள்ளிக்கிழமை காலையில கல்யாணம், மகளே" என்று சிமிழைத் திறந்து காட்டினேன். "எங்கக்காட தோடு இது. அவ இல்ல. அவ பிள்ளை கட்டப்போறது."

அவள் அதைப் பார்த்தாள். தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். பிறகு கம்ப்யூட்டரில் நெடுநேரம் தட்டினாள். என் பிள்ளைகளின் நம்பர் கேட்டாள். போனில் சார்ஜ் இல்லை. ரமேஷின் நம்பரையும் பிரபாவின் கனடா நம்பரையும் நான் மனதிலிருந்தே சொன்னேன். அவள் போனிலேயே ரமேஷிடம் விஷயத்தைச் சொன்னோம்.

"ஒரு வழி உண்டு" என்றாள் கடைசியில். "சாயந்தரம் ஐரோப்பா போற விமானம். அங்க விடியக்காலம் மாறணும். வியாழக்கிழமை மத்தியானம் கனடா. ஆனா அங்கயும் நேரம் குறவு. அம்மா நடந்து போனா கிட்டாது. வீல்செயாரில் இருக்குமென்றால் மட்டும் டிக்கட் தரும். சம்மதமா?"

பக்கத்தில் ஒரு வீல்செயார் காலியாக நின்றது. கறுப்பு ரெக்சின், ஓரத்தில் ஒரு கிழிசல். உன்னுடையதும் கறுப்புத்தான். உன் மூத்தார் சொன்னது காதில் ஒலித்தது என்பதை மறைக்க மாட்டேன். சின்ன வயதிலிருந்து சகுனம் பார்த்து வளர்ந்த உடம்பு இது. ஒரு நிமிஷம் கால் கூசியது. பிறகு நினைத்தேன், இதில் உட்கார்ந்திருந்தவள்தானே அந்தப் பிள்ளையைப் பெற்றவள். அவள் உட்கார்ந்த இடத்தில் தாலிக்கு என்ன குறை வந்துவிடும்?

உட்கார்ந்தேன்.

அக்கா, அதன் பிறகு திறக்காத கதவு இல்லை. மற்றவர்களுக்குத் தெரியாத லிஃப்ட், தனி வரிசை, தனி வழி. ஐரோப்பாவில் என்னைத் தள்ளியவர் கறுப்பு நிறத்தவர், ஆறடிக்கு மேல். விடியும் வெளிச்சத்தில் ஒரு பாட்டை முணுமுணுத்தபடி, நூறு பேருக்கு நடுவே தேர் இழுப்பது போல வழி எடுத்துக்கொண்டு ஓடினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாலியை மடியில் வைத்துக்கொண்டு நான் ஊர்வலம் போனேன். சுவாமிக்கு அடுத்தபடி எனக்குத்தான் அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்கும்.

கனடாவில் மத்தியான வெயில். வெளியே வரும் வழியில் பிரபா நின்றான். கூட்டத்தில் அவன் என்னைத் தேடவில்லை, அந்த வண்டியைத்தான் பார்த்தான். பார்த்தபடியே நின்றான். தலை சீவுவதற்கு எங்கே நேரம், நரைத்த முடியெல்லாம் பறக்க நான் வந்துகொண்டிருந்தேன். என் முகச்சாடை உன்னுடையது என்று எல்லாரும் சொல்வார்கள் அல்லவா.

கிட்ட வந்ததும் நான் எழும்பப் பார்த்தேன். "எழும்பாதீங்க சின்னம்மா" என்றான். அத்தனை பேருக்கு நடுவே தரையில் முழங்கால் போட்டு, என் மடியில் தலையை வைத்தான். பை நசுங்குமே என்று எனக்குப் பயம். "டேய், தாலி இருக்குடா" என்றேன். அவன் தலையைத் தூக்கவில்லை. "அம்மா அன்னைக்குத் தூங்கலதானே, சின்னம்மா?" என்று மட்டும் கேட்டான்.

தூங்கவில்லை என்றேன். வாசலுக்கு வந்தாள், தலை சீவியிருந்தாள், பச்சைச் சேலை கட்டியிருந்தாள் என்று சொன்னேன். அழுது முடித்தான். பிறகு தள்ளுகிறவரிடமிருந்து வண்டியை வாங்கி, கார் நிறுத்தும் இடம் வரைக்கும் தானே தள்ளினான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். என்னிடம் மட்டும் பேசின மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை நேரத்துக்குத் தாலி ஏறியது. உன் மருமகள் பெயர் அபிராமி. வாயாடி. எனக்குப் பிடித்துவிட்டது. இப்போது அவள் முழுகாமல் இருக்கிறாள், அடுத்த சித்திரையில் பிள்ளை. உனக்கு நான் ஒரு வாக்குத் தருகிறேன். பிள்ளை பிறக்க முன்னமே போய்ச் சேருவேன். மாறி ஏற நிறைய நேரம் இருக்கிற டிக்கெட்டாகப் போடச் சொல்வேன். வேன் வாசலில் நின்றதும் வீல்செயாரைக் கொண்டுவா என்று நானே சத்தம் போடுவேன். உன் பேரப்பிள்ளையை அதே மாதிரி ஒரு கதிரையில் உட்கார்ந்து மடியில் வாங்கி, நீ யார் என்று அதன் காதில் சொல்வேன்.

மழையை மன்னித்துவிட்டேன். மூடின கதவை மன்னித்துவிட்டேன். தூங்குகிறாள் என்று பிரபாவிடம் பொய் சொன்னது யாரென்று தெரியும், அவரையும் மன்னித்துவிட்டேன், உன் மூத்தாருக்குப் பயந்து சொன்னது. திரும்பி வந்த அன்று உன் மூத்தார் வீட்டுக்கு வந்தார். கதிரையில் சாய்ந்துகொண்டு, "பார்த்தியா, நான் சகுனம் பார்த்து அனுப்பினதாலதான் தாலி பத்திரமாப் போய்ச் சேர்ந்துச்சு" என்றார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவர், கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் அக்கா, இந்த வாயால் இதுவரைக்கும் நான் சொல்லாத பெயரை இன்றைக்கு எழுதி வைக்கிறேன். பெற்ற பிள்ளை போகிற நேரத்தில் உன்னைப் பின்னறைக்குத் தள்ளச் சொன்ன பரமசிவத்தை நான் மன்னிக்க மாட்டேன்.

உன் கூடப் பிறந்த தங்கச்சி,
பவளம்
கண்டி