கூட்டுக்களவாணிகள்

லாபு தோட்டம்
10.3.2025, திங்கள்

அன்புள்ள திலகாவுக்கு,

நான் நலம். நீயும் மம்பாவில் உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நீ என் நம்பரை பிளாக் செய்து நான்கு மாதமாகிவிட்டது. அதனால் பேனாவைத் தேடி எடுத்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. உன் தொழிற்சாலை பஸ்ஸை முனியாண்டி ஓட்டுவது வசதியாகப் போயிற்று. பிரித்துப் படிக்காதே என்று சொல்லித்தான் கொடுக்கிறேன், ஆனாலும் அவனை நம்ப முடியாது.

வீட்டில் எல்லாம் இருந்தபடி இருக்கிறது. சோற்றில் வாசனைக்குப் போட என்று குழாயடியில் நீ வைத்த பாண்டான் செடி தாறுமாறாக வளர்ந்துவிட்டது. ரதி ஜொகூரிலிருந்து வாரம் ஒருமுறை பேசுகிறாள். “அம்மாகிட்ட பேசினீங்களாப்பா?” என்று கேட்பாள். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துக்காரர்களுக்காக சன்னாசி அண்ணன் கைப்பேசியில் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை போக்கர் மேசை உனக்குத் தெரியும். காசு கிடையாது, வெறும் சில்லுதான். ஜெயிப்பவருக்குக் கோயில் திருவிழாவில் ஒரு ரைஸ் குக்கர். மாமன் மச்சான் என்று முகம் பார்த்து ஆடக்கூடாது என்பதற்காக எல்லாருக்கும் ஒரு புனைபெயர். யார் யார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் பால் கலக்காத காப்பியின் பெயரை எடுத்துக்கொண்டேன், கோப்பிஓ. சனிக்கிழமை என் கணக்கை முடக்கிவிட்டார்கள். கோப்பிஓவும் பாண்டான் என்கிற இன்னொருவரும் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்று அந்த ஆட்டத்தை நடத்தும் கம்பெனி அவருக்கு எழுதியிருக்கிறது. 23ஆம் தேதி கோயில் கூட்டத்தில் இரண்டு பேரும் எழுந்து விளக்கம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவரே பெயரைப் படித்துவிடுவாராம்.

நான் யாரோடும் கூட்டுச் சேரவில்லை. மற்றவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. மறுபடியுமா என்று நீ நினைத்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
இராஜமாணிக்கம்

*

மம்பாவ்
13.3.2025

ரதியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முனியாண்டி பிரிக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் இருந்த அத்தனை பெண்களும் பார்க்கும்படி எழுந்து நின்று கொடுத்தார். பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா என்று ரதி கேட்கச் சொன்னாள். நானாகக் கேட்கவில்லை.

‘மறுபடியுமா’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் தடவை என்ன நடந்தது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அதை நான் எழுதுகிறேன். தீபாவளியன்று இந்த வீட்டு ஹாலில்தான் சீட்டு நடந்தது. என் அண்ணன் வீரமுத்து கண்ணாடி அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், நீங்கள் அவருக்கு எதிரே. ஏழு ஆட்டம் வரிசையாக ஜெயித்தீர்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் உங்கள் கண் அவர் தோளுக்குப் பின்னால் போனதை நான் பார்த்தேன். காரில் ஏறும்போது கேட்டதற்கு, “ரதி மேல சத்தியமா இல்ல” என்றீர்கள்.

சீட்டில் ஏமாற்றியதற்காக யாராவது வீட்டைவிட்டுப் போவார்களா? பெற்ற பிள்ளை மேல் பொய்ச்சத்தியம் செய்கிற மனிதர் இனிமேல் எதைச் சொன்னாலும் நான் எப்படி நம்புவது? இருபத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகு இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். யார் அந்தப் பாண்டான்? சன்னாசி அண்ணன் கம்பெனியின் அறிக்கையைக் கைப்பேசிக் குழுவில் போட்டிருந்தார். கடைசியில் கோப்பிஓவும் பாண்டானும் மட்டும் மிஞ்சிய ஆட்டம் முப்பத்தொன்று. முப்பத்தொன்றிலும் யாராவது ஒருவர் சீட்டை மடித்துப் போட்டு, ஆடாமலே விட்டுக்கொடுத்திருக்கிறார். ஒரு தடவை கையில் ராஜா ஜோடியை வைத்துக்கொண்டு நீங்கள் மடித்திருக்கிறீர்கள். அந்தப் பாண்டான் மேல் அப்படி என்ன கரிசனம்?

உள்ளதை எழுதுங்கள். இந்தத் தடவையும் மழுப்பினால் முனியாண்டியிடம் கடிதம் கொடுத்துவிட வேண்டாம்.

திலகா

*

லாபு தோட்டம்
17.3.2025

அன்புள்ள திலகா,

ஆமாம், அலமாரிக் கண்ணாடியில் அவர் சீட்டைப் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. மற்ற ஆறும் தெரிந்தே செய்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் அண்ணன் என்னை ஜெயித்துவிட்டு, “லோரி ஓட்ட இது போதும்லா மாப்பிள்ள” என்று தலையைத் தட்டிக் காட்டுவார். ஒரு வருஷமாவது அவர் வாயை அடைக்க வேண்டும் என்றிருந்தது. சத்தியம் செய்தது பயத்தில். நீ கேட்ட தோரணையில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், சொன்ன பிறகு திரும்ப எடுக்கத் தெரியவில்லை. நேற்று ரதியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். “இத அம்மாகிட்ட சொல்லுங்கப்பா” என்றாள். அழுதாளா என்று தெரியவில்லை, நான் அழுதேன்.

பாண்டான் நீதான். அது எனக்கு மூன்றாவது ஞாயிறே தெரியும்.

நல்ல சீட்டு வந்தால் நீ உடனே ஆடுவாய். மோசமான சீட்டுக்குத்தான் கொடுத்த நேரம் முழுக்க யோசிப்பாய். சிரம்பான் பசாரில் மீன் வாங்கும்போதும் அப்படித்தான், வாங்கப்போகாத மீனுக்கு முன்னால்தான் ரொம்ப நேரம் நிற்பாய். அதோடு, மம்பாவ் பக்கம் வானம் கறுத்தால் பாண்டான் மேசையில் இருக்காது. துணி எடுக்கப் போயிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். பத்து நிமிஷத்தில் அந்தப் பெயர் திரும்ப வரும்போது அப்பாடா என்றிருக்கும். இந்த நான்கு மாதத்தில் உன்னோடு உட்கார்ந்திருந்த நேரம் அது மட்டும்தான். சில்லு தீர்ந்து நீ எழுந்து போய்விட்டால் என் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். அதனால் விட்டுக்கொடுத்தேன். சொன்னால் நீ வராமல் இருந்துவிடுவாய் என்று சொல்லவில்லை.

கம்பெனி சொல்வது அநியாயம் என்று முதலில் கொதித்தேன். ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் வழியில் யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் விட்ட சில்லை வைத்து நீ மற்றவர்களை அடித்தாய். என் வீட்டுச் சங்கடத்துக்கு அவர்கள் ஏன் தோற்க வேண்டும்? ஞாயிறன்று எழுந்து ஒத்துக்கொள்கிறேன். உன் அண்ணனும் இருப்பார், கண்ணாடி விஷயத்தையும் அங்கேயே சொல்லிவிடுகிறேன். உனக்குக் கெட்ட பெயர் வராது. பாண்டானுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

இராஜமாணிக்கம்

*

மம்பாவ்
20.3.2025

என்னங்க,

பாண்டானுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லாதீர்கள். அதுவும் பொய்தான்.

எனக்கும் தெரியும். கடைசியில் மற்றவர்களிடம் சீட்டைக் காட்டும்போதெல்லாம் கோப்பிஓ கையில் ஓர் ஏழு இருக்கும். லோரி நம்பரில் ஏழு இருக்கிறது என்று அந்தச் சீட்டை விடவே மாட்டேன் என்கிற மனிதர் தோட்டத்தில் வேறு யார்? அறிக்கையைத் திரும்பவும் பார்த்தேன். முப்பத்தொன்றில் நீங்கள் மடித்தது பத்தொன்பது. மீதி பன்னிரண்டு நான் மடித்தது. பிப்ரவரியில் ஒருநாள் உங்களிடம் நாலே நாலு சில்லு மிச்சம் இருந்தது. நான் கையில் இருந்த ராணி ஜோடியை மடித்துப் போட்டேன், அண்ணி பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு “பைத்தியமா உனக்கு?” என்றார்கள். கோபத்தில் இருக்கிறவள் ஏன் அப்படிச் செய்தேன் என்று அன்றைக்கு எனக்கே விளங்கவில்லை.

யார் பாண்டான் என்று தெரியாத மாதிரி கேட்டது உங்களைச் சோதிக்கத்தான். அது நேர்மையில்லை என்று தெரியும், ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் கடிதத்தில் முதல் வரியைப் படித்ததும் தொழிற்சாலைக் கழிவறையில் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன். எவ்வளவு பாரம் குறைந்தது என்று உங்களுக்கு எழுதத் தெரியவில்லை.

ஞாயிறன்று நானும் வருகிறேன். நீங்கள் எழுந்திருக்கும்போது நானும் எழுந்திருப்பேன்.

திலகா

*

லாபு தோட்டம்
23.3.2025, ஞாயிறு மாலை

அன்புள்ள திலா,

நீ அண்ணன் காரில் ஏறிப் போன பிறகு நடந்ததை உடனே எழுதுகிறேன். சன்னாசி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீங்க ரெண்டு பேரும் சண்டன்னு சொல்லி ஊரையே ஏமாத்திட்டு, ஒரு ரைஸ் குக்கருக்காகத் திட்டம் போட்டு ஆடுறீங்கன்னு நெனச்சேன்லா” என்றார். அப்படியெல்லாம் திட்டம் போடத் தெரிந்திருந்தால் நான் இப்படி இருப்பேனா?

தண்டனையில் மாற்றமில்லை. தீபாவளிவரை இருவருக்கும் மேசையில் இடம் கிடையாது. குக்கர் நமக்கு அடுத்த இடத்தில் இருந்த முனியாண்டிக்கு. மூன்று வேளையும் கடையில் சாப்பிடுகிறவனுக்கு அது எதற்கோ.

கோயிலில் நீ என் பக்கத்தில் வந்து நின்றபோது சொல்ல நினைத்ததில் பாதி மறந்துபோயிற்று, கண்ணாடி விஷயத்தை மட்டும் எப்படியோ சொல்லிவிட்டேன். உன் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் போனார். அவர் மன்னிக்காவிட்டாலும் அது என் தப்பு. நீ எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை இப்போதைக்கு எனக்கு இல்லை.

உன் இராஜமாணிக்கம்

*

மம்பாவ்
26.3.2025

என்னங்க,

இன்று காலை உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் இதை எழுதியே அனுப்புகிறேன். முனியாண்டிக்கு இதோடு விடுதலை.

அண்ணன் கோபத்தில் பேசாமல் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு, அண்ணியை அலமாரிக்கு முன்னால் உட்காரவைத்து, எதிரே நீங்கள் இருந்த இடத்தில் தான் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “அடப்பாவி, இவ்ளோ தெளிவா தெரியுது, அப்பவும் ஏழு ஆட்டந்தானா ஜெயிச்சாரு?” என்று சிரிக்க ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. மூளையைப் பற்றி இனிமேல் பேச மாட்டாராம். அண்ணி அலமாரிக்குத் திரை தைக்கிறார்கள்.

ஹரி ராயாப் பெருநாளுக்குத் தொழிற்சாலை மூன்று நாள் விடுமுறை. சனிக்கிழமை வருகிறேன், பையை நிறைத்துக்கொண்டுதான் வருகிறேன். பாண்டான் செடியை வெட்டிவிடாதீர்கள், சோற்றுக்கு நானே பறித்துக்கொள்கிறேன். மாத்திரையைப் போடுங்கள். இதை நான்தான் கேட்கிறேன், ரதி இல்லை.

மேசையில் நமக்கு இடமில்லை என்பதால், சாப்பிட்ட பிறகு வீட்டில் இருக்கிற சீட்டுக்கட்டை எடுத்து நாம் இரண்டு பேரும் ஆடுவோம். ராஜா ஜோடி வந்தால் ராஜா ஜோடியாகவே ஆட வேண்டும். எனக்காக மடித்தீர்கள் என்று தெரிந்தால் மறுநாள் காலை பஸ்ஸில் இங்கேயே வந்துவிடுவேன்.

உங்கள் திலகா