நூலில் போட்ட முடிச்சும் ராட்டினத்து டிக்கெட்டும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி பட்டாணியும் அங்கே சுகம் என்று உன் கையால் ஒரு வரி வந்தால் எனக்கு நிம்மதி. கவரைப் பிரித்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே ஒரு நூலைச் சுருட்டி வைத்திருக்கிறேன், குப்பை என்று உதறிவிடாதே, அது எதற்கென்று பின்னால் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை நானேதான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற மாலை வகுப்பு டீச்சரிடம்கூடக் காட்டப் போவதில்லை, வீட்டு விஷயம் பார். மெதுவாகத்தான் வருகிறது, ஒரு வரி எழுதிவிட்டு விரலை நீவிக்கொள்கிறேன், ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். லீவுக்கு நீ எங்களை எல்லாம் கூட்டிப் போகிற தீம் பார்க் பற்றிப் போனில் நான் வாயைத் திறந்ததும் நீ, "விடுங்கப்பா, எல்லாம் நான் கணக்குப் போட்டுட்டேன், நீங்க சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு வந்தா போதும்" என்று சொல்லி பட்டாணியின் கையில் போனைக் கொடுத்துவிடுகிறாய். அவள் பேச ஆரம்பித்தால் எனக்குக் கேட்க வந்தது மறந்துபோகிறது. கடிதத்தில் அந்த வம்பு இல்லை, நான் முடிக்கும் வரை உன்னால் குறுக்கே பேச முடியாது. எழுத்துப் படித்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவளோ, "உங்களுக்கு எழுத்து வந்ததுல இருந்து எனக்குத்தான் நிம்மதி போச்சு, கடை போர்டு, பஸ் போர்டு, இருமல் மருந்து பாட்டில், ஒண்ணையும் விடாம சத்தம் போட்டுப் படிக்கிறீங்க, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டா" என்கிறாள். அவள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அப்படி ஒன்று விடாமல் படிக்கப் போய்த்தான் எனக்கு இந்தக் கவலையே பிடித்தது.

உன் அண்ணன் லோடு வேன் கண்ணாடியில் யாரோ சொருகிவிட்டுப் போன அந்த தீம் பார்க் நோட்டீஸை எனக்குப் படிக்கக் கொண்டுவந்தான். பெரிய எழுத்தில் டிக்கெட் விலை, நீ சொன்ன அதே விலைதான். ஆனால் விலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டிருந்தது. அழகுக்குப் போட்டது என்று நினைத்தேன். டீச்சரைக் கேட்டதற்கு, "நட்சத்திரம் இருந்தா கீழ எறும்பு மாதிரி எழுத்துல ஏதாவது இருக்கும் தாத்தா, தேடிப் பாருங்க" என்றாள். தேடினேன். இருந்தது. வரி தனி, மற்ற கட்டணங்களும் விதிகளும் நுழைவாயில் பலகையில் என்று இருந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அம்மா. நீ லாண்டரியில் லீவு நாளிலும் இஸ்திரிச் சூட்டில் நின்று சேர்த்த பணம், அது அந்த எறும்பெழுத்துக்குள் போய்விடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. அதனால் உன் அண்ணன் அந்தப் பக்கம் லோடு ஏற்றிப் போன அன்றைக்கு நானும் வேனில் தொற்றிக்கொண்டேன். "படிச்ச மனுசனுக்குக் கூலி வேலை வேணாம்னு பாத்தா, வேலை வெட்டி இல்லாம கேட்டுல நிக்கப் போறீங்களாப்பா" என்று கேலி செய்தபடியே வாசலில் இறக்கிவிட்டான்.

வாசலில் என் உயரத்துக்கு இரண்டு பங்கு பலகை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். வாட்ச்மேன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பெரியவரே, டிக்கெட் வேணுமா, வழி தெரியலையா" என்றார். வேண்டாமப்பா, படிக்கத்தான் வந்தேன் என்றேன். "நல்லாப் படிங்க, இங்க காசு கேக்காதது அது ஒண்ணுதான்" என்று சொல்லி எனக்கு உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொடுத்தார். அவர் விளையாட்டுக்குச் சொன்னது போகப் போக மெய்யாகிவிட்டது. வண்டி நிறுத்தக் காசு, அதுவும் மணிக்கணக்கில். வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது, பையைத் திறந்து பார்த்து எடுத்து வைத்துவிடுகிறார்கள், பாட்டில் தண்ணீரைக்கூடச் செடிக்கு ஊற்றச் சொல்கிறார்கள். உள்ளே ஒரு தட்டுச் சோறு விலையில் நம் வீட்டில் நாலு பேர் சாப்பிட்டு எழுந்துவிடலாம். தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணியோடு விடமாட்டார்கள், நைலான் உடுப்பு வாடகைக்கு எடுக்க வேண்டும். துணியை வைக்க லாக்கர், லாக்கருக்கு வாடகை, சாவிக்கு டெபாசிட், சாவியைத் தண்ணீரில் தொலைத்தால் டெபாசிட் திரும்பாது. வயதான பெண்களுக்கு மட்டும் சலுகை உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நீ ஞாயிறுதான் குறித்திருக்கிறாய். தலைக்கு இத்தனை டிக்கெட் என்று பெருக்கி வைத்திருக்கிறாயே அம்மா, அது வாசல் வரைக்கும்தான். வாசலுக்கு உள்ளே இன்னொரு அவ்வளவு இருக்கிறது.

அதற்காகப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்படி நினைத்துவிடாதே. ஞாயிறை விட்டுவிட்டுச் செவ்வாயோ புதனோ வை, உன் அம்மாவுக்குச் சலுகை கிடைக்கும், கூட்டமும் இருக்காது. உன் அண்ணன் கொண்டுபோய் இறக்கிவிட்டு லோடுக்குப் போய்விடுவான், பார்க்கிங் மிச்சம். காலையில் வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், மத்தியானம் ஒரு வேளை மட்டும் உள்ளே. பட்டாணியின் பள்ளிக்கூட விளையாட்டு உடுப்பு நைலான்தானே, அதை மறக்காமல் எடுத்து வா. மாப்பிள்ளைக்கும் அப்படி ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொல். லாக்கர் வேண்டாம், மிச்சம் கிடந்த தார்ப்பாய்த் துணியில் இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி ஒரு பை தைத்துவிட்டேன், வாளித் தண்ணீரில் முக்கி வைத்துப் பார்த்தேன், உள்ளே வைத்த பழைய பஸ் டிக்கெட் நனையவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் கையில் கொஞ்சம் தனியாக வைத்துக்கொள். பட்டாணி ஏதாவது ஒன்று கேட்பாள், கேட்கிற பிள்ளைதான், அந்த ஒன்றுக்கு.

இனி நூல் விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் பெரிய கவலை, சொல்லத் தயங்கித் தயங்கி இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். பட்டாணிக்கு அரை டிக்கெட் என்று சொன்னாயே, அங்கே வயதைப் பார்ப்பதில்லை. கவுண்டருக்குப் பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி படம் வரைந்த ஒரு கம்பம் இருக்கிறது, அதில் ஒரு சிவப்புக் கோடு. தலை கோட்டுக்குக் கீழே இருந்தால் அரை டிக்கெட், தாண்டினால் முழு டிக்கெட். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு குடும்பம் வந்தது, அப்பா அம்மா இரண்டு பெண் பிள்ளைகள். சின்னது ஓடிப்போய்க் கம்பத்தில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்று, "அப்பா, நான் தாண்டிட்டேன் பாருங்க, நான் வளந்துட்டேன்" என்று கத்துகிறது. அந்த மனுசன் கவுண்டர் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அதன் தலையில் கையை வைத்து, "கொஞ்சம் குனிஞ்சு நில்லுடி" என்றார், மெதுவாகத்தான் சொன்னார். அதற்கு விளங்கவில்லை. "ஏம்ப்பா, நான் நெசமாவே வளந்துட்டேன்" என்று இன்னும் எக்கிக்கொண்டு நின்றது. பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தத் தாய் கைப்பையைத் திறந்து திறந்து பார்த்தாள். மூத்தது, "எனக்கு வேணாம்மா, நான் வெளிய தாத்தாகிட்ட உக்காந்திருக்கேன்" என்று என்னைக் காட்டியது. கடைசியில் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள், எப்படிச் சமாளித்தார்களோ. ஆனால் சின்னது போகும்போது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிற்று. வளர்ந்துவிட்டேன் என்று சொன்ன பிள்ளை அம்மா அது. எனக்கு அதன் முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

நம் பட்டாணியைக் கடைசியாகப் பார்த்தபோது என் சட்டைப் பை வரைக்கும் இருந்தாள். நீ அனுப்பிய போட்டோவில் உன் தோளைத் தொடுகிறாள், அவள் செருப்பு உயரமா, நீ சாய்ந்து நிற்கிறாயா, ஒன்றும் புரியவில்லை. அதனால் வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு, நான் லாரி மேல் ஏறித் தார்ப்பாய்க்கு அளவெடுப்பேனே, அதே மாதிரி கம்பத்தின் அடியில் நூலின் நுனியை மிதித்துக்கொண்டு சிவப்புக் கோட்டில் ஒரு முடிச்சுப் போட்டேன். டேப் இல்லையா பெரியவரே என்றார். டேப் கவரில் கனக்கும், நூல் கனக்காது என்றேன். நான் தார்ப்பாய் தைக்கிற மெழுகு பூசிய நூல்தான், இழுத்தாலும் நீளாது. நீ பட்டாணியைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்க வை, நூலின் வெறும் நுனி தரையில், முடிச்சு மேலே. கொண்டையை அவிழ்த்துவிட்டு அளந்து பார். எக்கவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். முடிச்சைத் தாண்டிவிட்டாள் என்றால் இப்போதே முழு டிக்கெட்டுக்குக் கணக்கு வைத்துவிடு. வாசலில் போய்த் தெரிந்துகொள்கிற விஷயமாக அது இருக்கக் கூடாது. நம் பிள்ளை நிமிர்ந்து நிற்க வேண்டும்.

அப்போது பணம் எங்கிருந்து வரும் என்று நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், என் டிக்கெட்டைக் கணக்கிலிருந்து அடித்துவிடு. கோபிக்காதே. என் முட்டிக்கு அங்கே நடக்கிற நடை ஆகாது, தண்ணீரில் இறங்க மாட்டேன், சும்மா உள்ளே போய் நிற்பதற்கு முழுக் காசு கேட்கிறார்கள். இதைத்தான் எழுதவேண்டும் என்று முதலில் உட்கார்ந்தேன். ஆனால் கம்பத்தின் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது, அதையும் உனக்குச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. கோட்டுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் பெரிய ராட்டினத்தில் தனியாக ஏறக் கூடாது, பக்கத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். நம் வீட்டில் யார் இருக்கிறார்கள் சொல்லு. நீ ஏணியில் மூன்றாம் படி ஏறினாலே அழுவாய். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக்தான், ஆனால் லிஃப்டுக்குள் நாலு பக்கமும் சுவர் இருக்கிறது, ராட்டினத்தில் இல்லை, போன தடவை நம் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்த விதம் எனக்கு நினைவிருக்கிறது, நான் சொன்னேன் என்று அவரிடம் சொல்லாதே. உன் அம்மாவைக் கேட்டேன், "தரையில சிவனேன்னு இருக்கறவளை எதுக்கு மேல தூக்குறீங்க" என்று சொல்லிவிட்டாள். நான் லாரி மேலேயே ஆயுசைக் கழித்தவன். உயரம் எனக்கு ஒன்றும் செய்யாது, ராட்டினத்தில் நடையும் கிடையாது, உட்கார்ந்தால் போதும். ரத்த அழுத்தம் உண்டா என்று வாட்ச்மேன் கேட்டார், இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றேன், அப்படியானால் தாராளமாக ஏறலாம் என்றார்.

பட்டாணி போனில் என்ன சொன்னாள் தெரியுமா, நீ பக்கத்தில் இல்லை போலிருக்கிறது. "தாத்தா, ராட்டினம் உச்சிக்குப் போனதும் உங்க வீடு எதுன்னு நீங்க எனக்குக் காட்டணும்" என்றாள். நம் மாடியில் நின்றால் ராட்டினத்தின் மேல் பாதி தெரிகிறது. அங்கிருந்து பார்த்தாலும் நம் வீடு தெரியத்தானே வேண்டும். ஆனால் இங்கே எல்லா மாடியும் ஒரே சாம்பல் நிறம், ஒரே தண்ணீர்த் தொட்டி, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. அதற்கும் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். அவள் முடிச்சுக்குக் கீழே இருந்தால் நீ போட்ட அரை டிக்கெட் கணக்கே சரி, என் டிக்கெட்டை அடிக்க வேண்டாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து கை நீட்டிக் காட்டுகிறேன். தாண்டியிருந்தால் அவள் தனியாகவே ஏறட்டும், நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். என்னிடம் ஒரு மஞ்சள் தார்ப்பாய் இருக்கிறது, ஒரு லாரி முழுக்க மூடும். அதை மாடியில் விரித்து அதன் நடுவில் நான் நிற்பேன். மஞ்சளாகத் தெரிகிற வீடுதான் தாத்தா வீடு, அதில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அது தாத்தா, கை ஆட்டு என்று சொல்லி வை. நானும் ஆட்டுவேன்.

எந்தப் பக்கம் ஆனாலும் எனக்குச் சம்மதம். இதை எழுதிவிட்டு ஒரு தடவை திரும்பப் படித்தேன், அது முழு உண்மை இல்லை. வளர்கிற பிள்ளை வளரட்டும், ஆனால் இந்த ஒரு லீவு மட்டும் முடிச்சுக்கு ஒரு விரல் கீழே நின்றால் நன்றாக இருக்கும் என்றும் இருக்கிறது. அதற்காக நூலைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்காதே. உள்ளபடி அளந்து எழுது.

பட்டாணிக்கு என் முத்தம், நீயும் மாப்பிள்ளையும் கை கால் சுகத்தோடு குறைவில்லாமல் இருக்க வேண்டும், இஸ்திரிச் சூட்டில் நிற்கும்போது அடிக்கடி தண்ணீர் குடி. பதிலைப் போனில் சொல்லாதே, எழுது, நான் படிக்க வேண்டும். அளந்து பார்த்ததும் தாமதிக்காமல் எழுது. மஞ்சள் தார்ப்பாயை உதறிக் காய வைக்கவா, சட்டையைத் தேய்த்து வைக்கவா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இரண்டையும் கட்டில் மேல் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கும்
உன் அப்பா