மாடியில் வழிந்த தண்ணீர்

அன்பு மகள் மணிமேகலைக்கு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஜோதிமணி எழுதுவது. இங்கே நானும் உன் செல்வம்மாள் அத்தையும் மாடு கன்றும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அந்த ஜெர்மனிக் குளிரில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேணும். தோப்பில் இந்த வருசம் பூ கொட்டாமல் நிற்கிறது. போனில் பேசினால் நீ என் மூஞ்சியைத்தான் பார்க்கிறாய், சொல்வது காதில் ஏறுவதில்லை, அதனால்தான் கடுதாசி. ஜோதிமணி இதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பும்.

என் கண் சமாச்சாரம் சொல்கிறேன், கேள். எரிச்சல் தாங்காமல் தை மாசம் ஓசூருக்குப் போனேன். டாக்டரம்மா ஒரு மிசினில் தாடையை வைக்கச் சொல்லி என் கண்ணையே எனக்குக் காட்டினார். கண்ணில் இருக்கிற தண்ணீர் மேலே மெல்லிசாக எண்ணெய் மிதக்கிறதாம் பாப்பா. மயில் கழுத்து நிறம், ஊதா, பொன் நிறம் எல்லாம் நகர்ந்து நகர்ந்து போனது, நடுவில் மட்டும் கிழிந்த துணி மாதிரி வெறுமை. பார்த்ததும் எனக்கு நான் வேலை செய்த பர்கூர் கல் குவாரி ஞாபகம் வந்துவிட்டது. நீ பிறப்பதற்கு இரண்டு வருசம் முன்னால், அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் குழி, இரண்டிலும் ஒரே மழைத் தண்ணீர். ஒன்றில் பாறை துளைக்கிற கம்ப்ரஸர் மிசினின் எண்ணெய் ஒழுகி இதே நிறத்தில் படர்ந்து கிடந்தது. சித்திரை வெயிலில் சுத்தமான குழி சேறாகிவிட்டது, எண்ணெய் மூடிய குழியில் இடுப்பளவு அப்படியே நின்றது. கண்ணும் அப்படித்தானாம். இமை ஓரத்தில் பொடிப்பொடி எண்ணெய்ப் பைகள் இருக்கிறதாம், ஒவ்வொரு சிமிட்டலுக்கும் தண்ணீர் மேல் எண்ணெய் பூசுமாம். எனக்கு அது உறைந்த நெய் மாதிரி அடைத்துக்கொண்டது. மூடி இல்லாத தண்ணீரைக் காற்று தூக்கிக்கொண்டு போகிறது, கண் காய்ந்து எரிகிறது, கண் பயந்துபோய் மேலும் மேலும் தண்ணீரை இறைக்கிறது, அதுவும் நிற்காமல் கன்னத்தில் வழிகிறது.

இதை அத்தையிடம் சொன்னேன். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவன் உனக்காடா எண்ணெய் பத்தலை என்று சிரித்து, அந்தச் சனிக்கிழமையே இரண்டு கண்ணிலும் விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டாள். அன்று முழுக்க ஊரே புகைக்குள் மிதந்தது. டிரான்ஸ்பார்மரைப் பார்த்து வாடா மாப்ளே முனிராஜு என்று கூப்பிட்டுவிட்டேன். அது இமையே சுரக்கிற எண்ணெய்ங்க, செக்குல ஆட்டுறது இல்லைங்க என்று டாக்டரம்மா ஏசினார். இப்போது வெந்நீரில் துணி நனைத்துக் கண்மேல் போட்டுப் படுக்கிறேன். அந்தச் சூட்டில் அந்த நிறமெல்லாம் மறுபடி நகரும், அதன் நடுவில் நீ போட்டோவில் காட்டின பனி விழுந்துகொண்டே இருக்கும், தூங்குகிறேனா முழித்திருக்கிறேனா தெரியாது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அங்கே வேலை நிரந்தரம் ஆகிறது, பங்குனி முடிவதற்குள் கையெழுத்துப் போடணும் என்று நீ சொன்ன அன்று, டவர் கிடைக்க மாடியில் நின்றேன். பங்குனிக் காற்று நேராகக் கண்ணில் அடித்தது, தண்ணீர் வழிந்தது. நீ பார்த்துவிட்டு, அழாதேப்பா, நான் போடலை, வந்துடறேன் என்றாய். அழலை பாப்பா, இது வெறும் தண்ணி என்று சொல்ல எனக்குத் தெரியும். டாக்டரம்மா அதற்கு முன்பே எல்லாம் சொல்லியிருந்தார். நீ வந்துடறேன் என்றதும் என் வாய் மூடிக்கொண்டது. எட்டு நாளாக மூடியே வைத்திருந்தேன். உன் கட்டிலை வெயிலில் போட்டேன், மெத்தையைப் பிரித்துப் பஞ்சு அடிக்கக் கொடுத்தேன். அது அழுகை இல்லை என்று அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. நேற்றுத்தான் ஜோதிமணி கேட்டது, அந்தப் பொண்ணு எதுக்கு மாமா வேலையை விடுதுன்னு. இன்றைக்கு அதையே பேப்பரும் பேனாவும் கொண்டு வரச் சொன்னேன்.

நான் அழவில்லை பாப்பா. நீ நம்பினாய், நான் நம்ப விட்டேன். மன்னிச்சுக்கோ. கையெழுத்தைப் போடு. உனக்கே வரணும் என்று தோன்றுகிற அன்றைக்கு வா, மெத்தை தயாராக இருக்கிறது.

நீ நூறு வருசம் நல்லா இருக்க வேணும், நம்ம குலசாமி உன் கூடவே இருக்கட்டும். ஹீட்டர் காற்றில் கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டு இருக்காதே, நடுநடுவே கண்ணை முழுசாக மூடி மூடித் திற. பங்குனி முடிய பதினோரு நாள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா கங்கப்பன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)