நடுத்துண்டு

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

சிட்டு எழுதுவது. எழுதுவது என்றால், நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா எழுதுகிறார். போனில் பேசினால் பாதியில் நீங்கள் அழுகிறீர்கள், மீதியில் நான் கத்துகிறேன். அதனால்தான் கடிதம். உங்கள் பதிலையும் அக்காதான் படித்துக் காட்டுவார். ஆகவே திட்டுவதைக் கொஞ்சம் நாகரிகமாகத் திட்டுங்கள்.

நான் நலம். அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை பழகிவிட்டது. “ஹலோ” என்ற ஒரு சொல்லிலேயே ஆள் யாரென்று சொல்லிவிடுகிறேன். மேலாளர் வாயைப் பிளக்கிறார். அறைக்கும் அலுவலகத்துக்கும் கோலைத் தட்டிக்கொண்டு தனியாகவே போய் வருகிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். இனிமேல் அத்தையிடம் டிபன் கேரியர் கொடுத்து அனுப்ப வேண்டாம். பாவம், முழங்கால் வலியோடு பஸ் மாறி வருகிறார். நான் சமைக்கத் தொடங்கிவிட்டேன். முறைக்காதீர்கள். அம்மா போன பிறகு நம் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டது யார்? காய்ச்சலில் பார்வைதான் போனது அப்பா, கை போகவில்லை.

ஒரு சந்தேகம். மீனைத் துண்டு போட்டு வாங்கி, கோடு போட்ட இரும்புக் கல்லில் சுடுகிறேன். இங்குள்ள மீன்காரர் அப்பளம் மாதிரி வெட்டிக் கொடுக்கிறார். திருப்பும்போது உடைகிறது. எவ்வளவு கனம் கேட்க வேண்டும்? காலமெல்லாம் சந்தையில் மீன் வெட்டுகிறவரை விட்டுவிட்டு வேறு யாரிடம் கேட்பேன்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
சிட்டு


மார்ச் 8

சிட்டுவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். “என்னண்ணே, கெட்ட சேதியா?” என்றான் பக்கத்துக் கடைக்காரன். “எம் பொண்ணு அடுப்புகிட்ட நிக்கிறாளாம்” என்றேன். “பசிச்சா நிக்கத்தானே செய்வா” என்றான். அவனுக்கு என்ன தெரியும்.

வேலைக்குப் போகிறேன் என்றாய். நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு அனுப்பினேன். தனி அறை என்றாய். அதற்கும் தலையாட்டினேன். நெருப்போடு மல்லுக்கட்ட நான் அனுப்பவில்லை. உனக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் யார் முகத்தில் விழிப்பது?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். துணிமணியை மூட்டை கட்டி வை. வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். எனக்கு ஓட்டல் சோறு வாங்குகிற கை உனக்கும் சேர்த்து வாங்கும். தையல்கார அம்மா, நீங்களாவது இவளுக்கு நல்ல புத்தி சொல்லுங்கள்.

அப்பா

பி.கு. ஒரு விரல் கனத்துக்குக் குறைந்து வாங்காதே. வால் பக்கம் வேண்டாம், நடுத்துண்டு கேள். வெட்டுகிறவன் முனகினால் அடுத்த கடைக்குப் போ.


மார்ச் 12

அன்புள்ள அப்பா,

பின்குறிப்பைப் படிக்கும்போது அக்கா சிரித்துவிட்டார். எவ்வளவு கோபத்திலும் மீனைப் பற்றித் தப்பாகச் சொல்ல உங்களுக்கு வாய் வராது. ஒரு விரல் கனத்தில் வாங்கினேன். உடையவில்லை.

எதையும் மறைக்க மாட்டேன். முதல் தடவை மீன் கல்லோடு ஒட்டி, சுரண்டித்தான் தின்றேன். இன்னொரு நாள் மணிக்கட்டில் சூடு பட்டது. ஆறிவிட்டது. அன்று அழுதேன்தான். மறுநாள், நான் கோல் பிடிக்கப் பழகிய பயிற்சி மையத்து டீச்சரிடம் போனேன். அவருக்கும் பார்வை கிடையாது. “மீனைத் துணியால ஈரம் போக ஒத்தி எடு. எண்ணெயைக் கல்லுல ஊத்தாதே, மீன்ல தடவு. வெந்துட்டா அதுவே கல்லை விட்டுடும். நீ அவசரப்பட்டாதான் அது அடம்பிடிக்கும்” என்றார். அப்படியே செய்து பார்த்தேன். ஈரம் இருக்கும்வரை கல் சடசடவென்று கத்துகிறது. பிறகு சத்தம் மெலிகிறது. அப்போது கரண்டியை அடியில் விட்டால் மீன் வழுக்கிக்கொண்டு வருகிறது.

ஞாயிறு வாருங்கள். மீன் நீங்களே வெட்டிக் கொண்டு வாருங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. நாற்காலியில் உட்கார வேண்டும், எழுந்திருக்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. சாப்பிட்ட பிறகும் “வா” என்றால், மறுபேச்சு இல்லாமல் வருகிறேன். மூட்டை கட்டியே வைத்திருக்கிறேன்.

உங்கள் பிடிவாதத்தையே சீதனமாகப் பெற்ற,
சிட்டு


மார்ச் 24

என் சிட்டுவுக்கு,

நேரில் பேச வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ அடுப்பைப் பற்றவைத்தபோது கைகளை முழங்காலுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டேன். வெள்ளரிக்காயை நறுக்கினாய். விரல் நுனிகளை மடக்கி, கணுவில் கத்தியை உரசி உரசி நகர்த்தினாய். நானும் அப்படித்தான் பிடிப்பேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, உனக்கும் நான் சொல்லித் தரவில்லை. கல்லிலிருந்து புகை வந்ததும் என்னை அறியாமல் எழப் பார்த்தேன். “உட்காருங்கப்பா, நாற்காலி கிறீச்சிடுது” என்றாய், திரும்பாமலே. வாசலில் நின்ற தையல்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

மீனைத் திருப்பினாய். கல்லின் கோடுகள் அதன் மேல் வரிவரியாகப் பதிந்திருந்தன. சுடச்சுட இருந்த துண்டின் மேல் தக்காளியும் வெள்ளரியும் வெங்காயமும் மல்லித்தழையும் சில்லென்று அள்ளி வைத்து எலுமிச்சை பிழிந்தாய். வாழ்நாளெல்லாம் ஊருக்கு மீன் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு துண்டை நான் தின்றதில்லை. உள்ளே பூப்பூவாக வெந்து, சாறு வற்றாமல் இருந்தது.

நான் மூக்கை உறிஞ்சியதைக் கேட்டு “என்னப்பா?” என்றாய். மிளகாய் காரம் என்றேன். “நான் மிளகாயே போடலையே” என்றாய். தட்டை வழித்துவிட்டுக் கிளம்பினேன். உன் மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. அவிழ்த்துவிடு.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்னேன். அவர் சீட்டு கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மறுநாள் சந்தையில் சொன்னேன், அதற்கு மறுநாளும் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரன், “நேத்துலேர்ந்து இதையேதான் சொல்றீங்க” என்றான். “இன்னைக்கும் சொல்வேன், உனக்கென்ன” என்றேன். மீன் வாங்க வருகிறவர்களிடம், “எம் பொண்ணு சுடுற கனத்துல போடட்டுமா?” என்று கேட்கிறேன். சரி என்கிறார்கள்.

நேற்று நானே சுட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. எனக்குக் கண் இரண்டும் நன்றாகத்தான் தெரிகிறது.

வருகிற ஞாயிறு நீ இங்கே வா. அத்தையை அனுப்ப மாட்டேன், பஸ் நிலையத்துக்கும் வர மாட்டேன். நீயே ஏறி, நீயே இறங்கி, நடந்து வா. நான் தெருமுனை வரைக்கும்கூட வர மாட்டேன். வாசலில் மட்டும் நிற்பேன். அதற்கு நீ ஒன்றும் சொல்லக் கூடாது.

தலைநிமிர்ந்து திரியும்,
உன் அப்பா