தும்மலுக்குக் கொடுத்த மாத்திரை

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. அம்மாவிடம் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா நலம். காலையில் தோளில் ஆபரேஷன், மாலைக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மரப்பு ஊசியின் வேகம் இருந்தவரை ஒரே கலாட்டா. "இருபது வருஷம் சுவருக்கு பெயின்ட் அடிச்ச கை, இப்ப யாரோடதுன்னே தெரியலடி" என்று கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட கையைத் தட்டிக் காட்டினார்.

அம்மாவுக்கு இரவு வேலை. மாத்திரை என் பொறுப்பு. வலிக்கு இரண்டு வகை. பாரசிட்டமால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, இன்னொன்று சாப்பாட்டுக்குப் பிறகு. சேர்த்தே கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். ஆறு மணிக்குச் சரியாகத்தான் கொடுத்தேன்.

எட்டு மணிக்கு மரப்பு விட்டது. கூடவே தும்மல். ஒவ்வொரு தும்மலுக்கும் தோள் குலுங்கி, அப்பாவின் கண்ணில் தண்ணீர். "சளி மாத்திரை இருந்தா குடும்மா, தும்மியே செத்துருவேன் போல" என்றார். அலமாரியிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுத்தேன். அவர் தூங்கிய பிறகுதான் அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். அதிலும் பாரசிட்டமால்!

இரண்டு மணி நேரத்துக்குள் அதே மருந்து இரண்டாம் முறை! மருத்துவமனைத் தாளில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு நர்ஸ் பேசினார். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு, ஈரலில் கோளாறு உண்டா, குடிப்பாரா என்று கேட்டார். "டீ குடிப்பார்" என்றேன். சிரித்துவிட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. "ஒரு நாள் அளவைத் தாண்டல, பயப்படாத. பன்னெண்டு மணி பாரசிட்டமாலை விட்டுடு, காலைல ஆறுக்குக் குடு. இன்னொன்னை எழுதினபடியே குடு. வாந்தி எடுத்தா உடனே கூப்பிடு. பேரு வேறயா இருந்தாலும் உள்ள என்ன மருந்துன்னு பாத்துக் குடும்மா. வீட்ல சொல்லிடு" என்றார்.

சரி என்றேன். இன்னும் சொல்லவில்லை. "சின்னவ பாத்துக்குவா" என்று டாக்டரிடம் அம்மா எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா? இனி என்னை நம்பி ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பார்களா?

அப்பா நன்றாகக் குறட்டை விடுகிறார். அந்தச் சத்தத்தை நான் இவ்வளவு ஆசையாகக் கேட்டதே இல்லை. விழித்து மாத்திரை கேட்டால் தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிடலாமா? நீயாக இருந்தால் என்ன செய்வாய், அக்கா?

குறட்டை நின்றுவிட்டது. கதவைத் தட்டும் சத்தம். அப்பாதான். "பன்னெண்டாச்சு, மாத்திரை எங்கம்மா?" என்கிறார். அக்கா, நான் சொல்லிவிடப் போகிறேன்.