காயப்போடாத பயறு

அன்புள்ள பிரம்மி அக்கா,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே, படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நீ பூனாவில் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அம்மா உனக்குக் கட்டி வைத்திருக்கும் பார்சலில் எழுதி வைத்திருக்கிறாள், அதை நம்பாதே. போனில் சொல்லலாம் என்றால் நீ பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் எல்லோரும் படுத்த பிறகு எழுதி அதே பார்சலில் சத்துமாவு டப்பாவுக்கு அடியில் வைக்கப் போகிறேன்.

அவலூர்பேட்டை தாண்டவராயன் மாமாவின் மகள் ஷோபனா கல்யாணத்துக்கு அம்மா இருபத்தொரு சீர்த்தட்டு செய்தாள் அல்லவா, பச்சைப்பயறை ஒவ்வொன்றாகக் கஞ்சிப்பசையில் ஒட்டிச் செய்த மயிலின் போட்டோவை உனக்குக்கூட அனுப்பினாளே. அந்த மயில்தான் அக்கா எல்லாவற்றையும் கெடுத்தது. வெள்ளிக்கிழமை செஞ்சி மண்டபத்தில் மாப்பிள்ளையின் அத்தை அமிர்தவல்லி அம்மாள் அந்தத் தட்டைத் தூக்கியதும் மயிலின் கழுத்திலிருந்து வண்டு வரிசையாக இறங்கி அவர் கையில் ஏறியது. "ஐயய்யோ, தட்டு ஊருதுடி" என்று கத்தி அப்படியே கீழே போட்டுவிட்டார். மேடையில் பயறும் வண்டும் சிதறி, எல்லோரும் செருப்புக் காலோடு மிதித்தார்கள். யாரோ ஒருவன், "மாமி மயிலுக்கு உசுரு குடுத்துட்டாங்கடா" என்று சொல்ல மண்டபமே சிரித்தது. அதைப் போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள், என் வகுப்பிலும் வந்துவிட்டது. தை மாசத்துக்குத் தட்டு சொல்லியிருந்த மூன்று வீட்டுக்காரர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள். தாண்டவராயன் மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீங்க இன்னா பண்ணுவீங்கம்மா, உங்க ஜைன சாமி கொல்லக் கூடாதுன்னுது, நீங்க மருந்து போட மாட்டீங்க, அது வரத்தானே செய்யும்" என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் அம்மா தாங்கியிருப்பாள். அன்று இரவு மிச்ச மயிலை மடியில் வைத்துப் பிரித்து, உயிரோடு இருந்த வண்டுகளை ஒரு தாளில் ஏந்திக் கொல்லைப்புற வேப்பமரத்தடியில் விட்டாள். "இதுங்க மேல இன்னா தப்பு, நாம வச்ச எடத்துல இருந்துச்சுங்க" என்றாள். பிறகுதான் அழுதாள்.

நைனா நேற்று மளிகைக் கடைக்காரரிடம் கேட்டுப் பயறில் போடும் வண்டு மாத்திரை வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். "ஊரே போடுது ஜ்வாலா, நீ மட்டும் எத்தினி நாளைக்கு" என்றார். அம்மா அதைத் தொடக்கூட இல்லை. "என் தட்டுப் பயறைக் கல்யாணம் முடிஞ்சதும் கழுவிப் பொங்கித் தின்னலாம்னு சொல்லித்தானே நான் கடை வச்சேன். விஷம் வச்சுத்தான் நடத்தணும்னா எனக்குக் கடை வேணாங்க" என்றாள். நாளைக் காலையில் கடைச் சாவியை இடத்துக்காரர் விநாயகம் ஐயாவிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறாள். உனக்கு நினைவிருக்கிறதா அக்கா, இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடையில் மழைநீர் புகுந்து அத்தனை பயறும் முளைவிட்டபோது நாமெல்லாம் தலையில் கைவைத்து உட்கார்ந்தோம். அம்மாதான் சிரித்துக்கொண்டே அந்த முளையை அப்படியே தட்டில் பரப்பிப் பச்சை வயலும் நடுவில் ஒரு மாட்டுவண்டியும் செய்தாள். அந்தக் கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரர்கள் அந்தத் தட்டைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாவை இப்போது காணோம். கத்தரியையும் சல்லடையையும் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள்.

அம்மாவின் கொல்லா நோன்பும் காரணம் இல்லை, சாமியும் காரணம் இல்லை. நான்தான். மருந்து போடாததால்தான் அம்மா எப்போதும் பயறை மூன்று நாள் மொட்டைமாடி வெயிலில் பரப்பி, சலித்து, வேப்பிலை போட்டு வைப்பாள். இந்தமுறை அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தாள். எனக்குப் பள்ளி ஆண்டுவிழா நடன ஒத்திகை. மூட்டையை மாடிப்படிக்கு அடியிலேயே வைத்துவிட்டு, மூன்று நாளும் காயவைத்தேன் என்று சொன்னேன். அம்மா நம்பினாள், சல்லடையில்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மயிலுக்கு அடியில் மாவு மாதிரித் தூள் விழுந்திருந்தது. பயறில் ஓட்டை இருந்தால்தான் அப்படி விழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தூளை வாயால் ஊதிவிட்டுப் பேசாமல் போய்விட்டேன்.

அக்கா, மண்டபத்தில் மிதிபட்டுச் செத்த உயிர்களுக்காக அம்மா மூன்று நாளாக உபவாசம் இருக்கிறாள். பகலில் காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும்தான். இன்று மாலை குடத்தைத் தூக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். என் பாவத்துக்கு அவள் பட்டினி கிடக்கிறாள், நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். உனக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா. "பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடு கண்ணு, வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே, நீயும் தங்கையும் குறையில்லாமல் இருக்க வேண்டும்." இதைப் படித்துவிட்டுத்தான் இந்தத் தாளை எடுத்தேன்.

நீ போன் செய்யும்போது என் சார்பில் அம்மாவிடம் சொல்லிவிடு என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். இப்போதுதான் உறைக்கிறது, இது உன் கைக்கு வர நாலு நாள் ஆகும், சாவி நாளைக் காலையே போய்விடும். நான் சொன்னால் அம்மா இனி என் ஒரு வார்த்தையையும் நம்ப மாட்டாள். சொல்லாவிட்டால் தன் தர்மமே தன்னைக் கெடுத்தது என்று நினைத்துக்கொண்டே

கதவைத் தட்டுகிறாள். "பாப்பா, இன்னும் லைட்டு எரியுதே, தூங்கலியா" என்கிறாள். குரலே இல்லை அக்கா. விளக்கை அணைத்துவிட்டால் போய்விடுவாள். இந்தத் தாளை மடிக்கவில்லை, கையிலேயே எடுத்துக்கொண்டு கதவைத்